மறைக்க இடமில்லாத ஊரில் ஒரு மறைபொருள் விளையாட்டு: மதுரைப் பக்கத்து ஜியோகேச்சிங்கின் மரியாதைகளும் மனக்குறைகளும்

மேலூர் வட்டாரத்தில் ஒரு கண்மாய்க்கரையில், பனையடியில் கிடக்கும் கல் இடுக்கில் நான் வைத்திருந்த டப்பாவை நவம்பர் மாதக் கடைசியில் எடுத்துத் திறந்தபோது, உள்ளே சுருட்டி வைத்திருந்த தாள் ஊறிப்போயிருந்தது. இரண்டு விரல் அகலமுள்ள அந்தத் தாளில் பேனாவால் எழுதிய பெயர்கள் நீலக் கறையாகப் பரவியிருந்தன. பென்சிலால் எழுதியவை மட்டும் எழுத்து எழுத்தாக நின்றன. கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் செப்டம்பர் மாதத் தேதி ஒன்று இருந்தது. அதற்குக் கீழே தாள் வெறுமையாக இருந்தது, கறைகூட இல்லை. ஆனால் அக்டோபரில் ஒருவரும் நவம்பரில் ஒருவரும் அந்தப் பெட்டியைக் கண்டெடுத்ததாக இணையத்தில் பதிந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே நாளில் வேறொரு நாட்டில் நான்கு பெட்டிகளை எடுத்ததாகவும் எழுதியிருந்தார்.

இந்தப் பொழுதுபோக்கில் பழக்கமில்லாத ஒருவரிடம் இதைச் சொன்னால், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார். பணம் போகவில்லை, பொருள் போகவில்லை, யாருக்கும் பரிசும் கிடையாது. ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை இன்னொருவர் செயற்கைக்கோள் உதவியால் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவதுதான் ஜியோகேச்சிங். இதில் நடுவர் கிடையாது. வைத்தவரும் எடுத்தவரும் பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. இருவருக்கும் நடுவில் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஈரத்தாள்தான். ஆகவே இந்த விளையாட்டில் மரியாதை என்று சொல்லப்படுபவை அனைத்தும் அடுத்து வருகிறவரை நினைத்து நடப்பதில் அடங்கும். மனக்குறைகள் பெரும்பாலும் அவரை மறந்ததால் வருபவை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இதை ஆடுகிறவர்கள், அடுத்து வருகிறவர் என்ற சொல்லுக்குள் ஆட்டத்தில் இல்லாத ஊர்க்காரரையும் சேர்த்துக்கொண்டாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை விளக்குவதற்கு விளையாட்டின் தொடக்கத்திலிருந்தே வருவது நல்லது.

ஜி.பி.எஸ். சமிக்ஞையில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிக் காட்டக்கூடிய கைக்கருவி, அன்றிரவோடு இருபது மீட்டருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கியது. மே 3ஆம் தேதி ஒரிகான் மாநிலத்தின் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் அல்மர் என்பவர், ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் புத்தகம், மென்பொருள், கவண், ஒரு பீன்ஸ் டின் முதலியவற்றைப் போட்டுக் காட்டில் வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மற்ற ஆர்வலர்களுக்கு அறிவித்தார். எதையாவது எடுப்பவர் எதையாவது வைக்க வேண்டும் என்பதே அன்று அவர் சொன்ன ஒழுங்கு. சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டெடுத்துப் பதிவும் செய்தார். அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி ஜெரமி ஐரிஷ் என்பவர் 75 பெட்டிகளின் பட்டியலோடு ஜியோகேச்சிங்.காம் தளத்தைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. இதற்கு மூத்த பாட்டன் ஒன்றும் உண்டு: 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில், நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவிட்டுப் போவதற்காக வைக்கப்பட்ட ஒரு பாட்டிலிலிருந்து வளர்ந்த லெட்டர்பாக்சிங்.

அல்மரின் வாளியில் இருந்த அந்த பீன்ஸ் டின் இன்றைய விதிப்படி செல்லாது. உணவுப் பொருளை உள்ளே வைக்கக் கூடாது என்பது இப்போது எல்லாரும் அறிந்த ஒழுங்கு. காரணத்தை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அழகர்கோவில் பக்கம் ஒரு மிட்டாய் வாசனை போதும், குரங்கு டப்பாவைக் கல்லில் அடித்து உடைத்துவிடும். எறும்பு அதற்கும் முன்னால் வந்துவிடும். ஒருமுறை ஒருவர் நல்லெண்ணத்தோடு குங்குமப் பொட்டலம் ஒன்றை என் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஈரம் பட்டுப் பொட்டலம் பிரிந்து, பதிவுத்தாள் முழுவதும் சிவந்து, முன்னால் வந்த பதினோரு பேரின் பெயரும் படிக்க முடியாமல் போயிற்று. மாற்றுப் பொருளாகக் கோலிக்குண்டு, சோழி, பழைய நாணயம், பம்பரம் என்று ஈரத்துக்கும் எறும்புக்கும் அசையாத எதையும் வைக்கலாம். எடுத்ததற்குச் சமமானதையோ அதைவிட நல்லதையோ வைப்பதும், அப்படி எதுவும் கையில் இல்லாவிட்டால் ஒன்றையும் எடுக்காமல் பெயரை மட்டும் எழுதிவிட்டு வருவதும் முறை.

இடக்குறிப்பு எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மனக்குறைகளில் பாதி அங்கேயே தொடங்குகிறது. மதுரை நகரம் ஏறத்தாழ வடக்கு 9 டிகிரி 55 நிமிடம், கிழக்கு 78 டிகிரி 7 நிமிடத்தில் இருக்கிறது. பெட்டியின் இடத்தை நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை குறிப்பது வழக்கம். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறத்தாழ 1.8 மீட்டர் மாறும். திறந்த வயல்வெளியில் கைபேசி ஐந்து மீட்டர் அளவுக்குத்தான் பிழை காட்டும். யானைமலை போன்ற செங்குத்தான பாறைச் சுவரின் அடியில் நின்றால் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வந்து இடத்தைத் தள்ளிக் காட்டும். அழகர்மலையின் மரச்செறிவுக்குள்ளும் இதே தொல்லைதான். வைக்கிறவருக்கு ஒரு பிழை, தேடுகிறவருக்கு ஒரு பிழை, இரண்டும் சேர்ந்தால் இருபது மீட்டர் வட்டத்துக்குள் ஒவ்வொரு கல்லாகப் புரட்ட வேண்டியிருக்கும். ஆகவே வைக்கிறவர் வெவ்வேறு நாட்களில் மூன்று நான்கு முறை அளந்து சராசரி எடுப்பது, தேடி வருகிறவரின் முழங்காலுக்கும் அந்த இடத்துக் கற்களுக்கும் அவர் செய்யும் மரியாதை. வீட்டிலிருந்தே செயற்கைக்கோள் படத்தில் விரலால் தொட்டு எண்ணை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைத்த ஒரு பெட்டிக்காக, கள்ளிவேலிக்கு அந்தப்பக்கம் இருந்த ஒரு கிணற்று மேட்டை நான் ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறேன். பெட்டி வேலிக்கு இந்தப்பக்கம் இருந்தது.

தேடுகிறவர் கடைப்பிடிக்க வேண்டியவற்றில் நம்மவர்களுக்கு மிகவும் கடினமாக இருப்பது, கிடைக்கவில்லை என்று பதிவதுதான். டி.என்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் பதிவைப் பலர் தோல்வி ஒப்புதலாகக் கருதுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிற நாளில் தெருவே வந்து மதிப்பெண் கேட்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு, தேடினேன், கிடைக்கவில்லை என்று நாலு பேர் பார்க்க எழுதக் கை வராது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பெட்டியை வைத்தவருக்கு அந்த ஒரு வரியைவிடப் பயனுள்ள செய்தி வேறு கிடையாது. அடுத்தடுத்து மூன்று பேர் கிடைக்கவில்லை என்று எழுதினால்தான் அவர் புறப்பட்டு வந்து பார்ப்பார். எழுதாமல் மூன்று பேரும் பேசாமல் திரும்பிவிட்டால், நான்காவதாக ஒருவர் திண்டுக்கல்லிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ பெட்ரோல் செலவழித்து வந்து, இல்லாத பெட்டியை வெயிலில் தேடிக்கொண்டிருப்பார்.

இதைவிட மோசமானது, கிடைக்காத பெட்டியைக் கிடைத்ததாக எழுதுவது. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறவர்கள் ஒரு வகை. அவர்கள் மேல் எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம், ஏனென்றால் அந்த எண்ணிக்கையைக் கொண்டு அவர்கள் வாங்கக்கூடியது எதுவுமில்லை. தாளில் பெயர் இல்லாத பதிவை நீக்குவதற்கு வைத்தவருக்கு உரிமை உண்டு. மழையில் தாள் அழிந்திருக்குமோ என்ற சந்தேகத்தின் பலனைக் கொடுத்துப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். என் கண்மாய்க்கரைப் பெட்டி விஷயத்தில், வேறு நாட்டில் இருந்தவரின் பதிவை நீக்கினேன். மற்றவரிடம் அந்த இடம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

இன்னொரு வகை இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் உதவி என்று நினைத்தே செய்கிறார்கள், ஆகவே அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தேடுகிறார், கிடைக்கவில்லை. பெட்டி காணாமல் போய்விட்டது என்று தாமாகவே முடிவு செய்து, பையில் தயாராக வைத்திருக்கும் ஒரு பழைய ஃபிலிம் ரோல் டப்பாவில் தாளைச் சுருட்டிப் போட்டு, தோன்றிய இடத்தில் செருகி, அதில் தம் பெயரை எழுதி, கண்டெடுத்தேன் என்று பதிந்துவிட்டுப் போகிறார். த்ரோடவுன் என்று இதற்குப் பெயர். பழைய பெட்டி பெரும்பாலும் காணாமல் போயிருக்காது. பாறை இடுக்கில் ஒரு சாண் உள்ளே தள்ளி இருந்திருக்கும். இப்போது ஓரிடத்தில் இரண்டு பெட்டிகள். அடுத்து வருகிறவர் கண்ணில் எளிதாகப் படும் புதியதை எடுத்துப் பெயரெழுதுகிறார். வைத்தவர் வந்து பார்க்கும்போது தம் பெட்டியில் ஒரு வருஷமாக யாருமே எழுதியிருக்கவில்லை, இணையத்திலோ ஒன்பது பேர் எடுத்திருக்கிறார்கள். அவர்களில் யாரைக் குறை சொல்வது? ஒன்பது பேரும் உண்மையாகவே வெயிலில் நடந்து வந்தவர்கள். வைத்தவர் அரைநாள் செலவழித்து யோசித்து அமைத்த மறைவிடமும், அதற்கு அவர் கொடுத்த கடினத்தன்மை மதிப்பும், குறிப்பும் வீணாகிவிடுகின்றன. வைத்தவரைக் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு, அவர் சொன்ன இடத்தில் மாற்றுப் பெட்டி வைப்பதில் தவறே இல்லை. நனைந்த தாளுக்குக் கூடுதலாக ஓர் உலர்ந்த தாளைச் செருகி வைப்பதைக் கேட்காமலே செய்யலாம். அது நல்ல பழக்கம். பெட்டியையே மாற்றுவது கேட்காமல் செய்யக் கூடாதது.

கண்டெடுத்த பிறகு எழுதும் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. டி.எஃப்.டி.சி. என்ற நான்கெழுத்து நன்றிச் சுருக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவது குற்றமல்ல. இருந்தாலும் கரையில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, வழியில் முள்வெட்டிப் போட்டிருந்தார்களா, மூடி இறுக்கமாக இருந்ததா என்று இரண்டு வரி எழுதினால் வைத்தவருக்குப் பத்து கிலோமீட்டர் பயணம் மிச்சமாகும். மறைவிடம் வெளியே தெரியும்படி புகைப்படம் போடாதிருப்பதும் இதைச் சேர்ந்ததே.

வைத்தவருடைய கடமைகளுக்கு வருகிறேன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் குறைந்தது 161 மீட்டர், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். வியாபார விளம்பரமாகவோ கொள்கைப் பிரசாரமாகவோ இருக்கக் கூடாது. இவற்றையெல்லாம் சரிபார்த்து வெளியிடுகிறவர்கள் ரிவ்யூவர் எனப்படும் தன்னார்வலர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய கடமை பராமரிப்பு. சித்திரை வெயிலில் மலிவான பிளாஸ்டிக் மூடி வெடித்துவிடும். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கும். கரையான் தாளைத் தின்னும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது போய்ப் பார்க்க முடியாதவர் பெட்டி வைக்கவே கூடாது. முடியாமல் போகும்போது பட்டியலிலிருந்து நீக்குவதோடு, இடத்துக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டும் வந்துவிட வேண்டும். எடுக்காமல் விட்ட பெட்டி அந்த நாளிலிருந்து குப்பை.

தென்மாவட்டங்களில் இந்தக் கடமை மீறப்படுவதற்குப் பயணிகள் ஒரு காரணம். கொடைக்கானலுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் மதுரையில் இரண்டு நாள் தங்குகிற வெளிநாட்டு, வெளிமாநில ஆர்வலர்களில் சிலர், ஊர் பிடித்துப்போய் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பராமரிக்க உள்ளூரில் ஆள் இருக்கிறார் என்று காட்டினால்தான் அது வெளியிடப்படும் என்பதால், தங்கிய விடுதியில் பழகிய யாரோ ஒருவரின் பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மனிதருக்கு விளையாட்டே தெரிந்திருக்காது. ஆறு மாதத்தில் பெட்டி போய்விடும். வைத்தவருக்கு எழுதினால் பதில் இராது. பட்டியலிலிருந்து நீங்கும்வரை அந்த 161 மீட்டர் வட்டத்துக்குள் உள்ளூர்க்காரர் புதிதாக ஒன்றை வைக்கவும் முடியாது. பெட்டிகளும் ஆட்களும் நெருக்கமாக இருக்கும் நாடுகளில் ஒரு பெட்டி போனால் பத்து இருக்கும். இங்கே இருப்பதே சில. அதில் ஒன்று செத்துக் கிடந்தால் புதிதாகத் தொடங்கும் ஒரு கல்லூரி மாணவர் முதல் தேடலிலேயே ஏமாந்து, இனி இது வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். அப்படி விட்டவர்கள் இருவரை எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னவை எந்த நாட்டுக்கும் ஏறக்குறையப் பொருந்துபவை. நம் ஊருக்குப் பொருந்தாமல் போவது, மறைவாக நடந்துகொள்ள வேண்டும் என்ற பழைய பாடம். விளையாட்டில் இல்லாதவர்களை மகிள் என்று அழைப்பது ஜியோகேச்சர்களின் வழக்கம்; மகிள்களின் கண்ணில் படாமல் எடுக்க வேண்டும், படாமல் வைக்க வேண்டும். யாராவது வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வது போலவும், போனில் பேசுவது போலவும் நிற்கச் சொல்லிக்கொடுப்பார்கள். பெட்டி திருடுபோகாமல் இருக்க அந்த ஒழுங்கு தேவைப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆள் நடமாட்டமில்லாத காட்டுப் பூங்காக்களை மனத்தில் வைத்து எழுந்த பாடம் அது. மதுரை மாவட்டத்தில் யார் கண்ணிலும் படாத இடம் கிடையாது. உச்சி வெயிலில் ஆளே இல்லை என்று நாம் நினைக்கிற பொட்டலில், வேப்பமரத்தடியில் துண்டை விரித்து ஒருவர் படுத்திருப்பார். அவருடைய ஆடுகள் நம்மைப் பார்ப்பதற்கு முன்பே அவர் பார்த்திருப்பார். ஊருக்குப் புதியவர் ஒருவர் கையில் கருவியோடு வந்து, ஆள் வந்தால் விலகி, ஆள் போனதும் மீண்டும் கல்லைப் புரட்டினால், பார்க்கிறவர் என்ன நினைப்பார்? புதையல் தோண்டுகிறவர் என்றோ, சிலை கடத்துகிறவர் என்றோ, அதைவிட மோசமாகவோ நினைப்பார். அப்படி நினைப்பது அவருடைய குற்றமல்ல.

அதைவிட மோசமானது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2011 அக்டோபரில் எல்.கே. அத்வானியின் யாத்திரை செல்லவிருந்த வழியில், திருமங்கலம் பக்கத்து ஆலம்பட்டியில் ஒரு பாலத்தடியில் குழாய் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில், தெருவில் வைக்கப்பட்டிருந்த சிறிய ஜியோகேச்சிங் பெட்டியை வெடிகுண்டு என்று சந்தேகித்து, தெருவை மூடி, நிபுணர்கள் அதை வெடிக்கச் செய்து அழித்தார்கள். இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, நான்குவழிச்சாலைப் பாலத்தடியில் காந்தம் ஒட்டிய சிறு குழாயைச் செருகுவது எனக்கு மிகவும் தவறாகத் தெரிகிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைபேசி கொண்டுபோக முடியாது. வாசல்களில் பைகளைச் சோதித்தே அனுப்புகிறார்கள். அந்தச் சித்திரை வீதிகளில் ஒரு மின்கம்பத்தடியில் டப்பா வைக்கலாமா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். அங்கே பணியில் நிற்கும் ஒரு காவலருக்கு அது கொடுக்கக்கூடிய அரைமணி நேரப் பதற்றத்துக்கு எந்த விளையாட்டும் ஈடாகாது.

மேலூர்ப் பக்கத்து ஊர்களுக்கு இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. 2012இல் வெளிச்சத்துக்கு வந்த கிரானைட் முறைகேட்டில் மலைகள் அறுபட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த மக்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு அறிவிக்கப்பட்டபோது, அரிட்டாபட்டியும் அதற்குள் வருகிறது என்று தெரிந்து ஊர் ஊராகத் திரண்டு மதுரை வரை நடந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இத்தனைக்கும் பிறகு, ஜி.பி.எஸ். காட்டும் கருவியோடு மலையடிவாரத்தில் திரிகிற அந்நியரை அவர்கள் கேள்வி கேட்காமல் விட்டால்தான் வியப்பு.

என்னையும் கேட்டார்கள். கண்மாய்க்கரையில் இடம் பார்ப்பதற்காக இரண்டாவது வாரமும் நான் போயிருந்தபோது, மடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். "என்ன தம்பி, போன வாரமும் வந்தீக, இப்பவும் வந்து நிக்கிறீக. மலைய அளக்கவா வந்திருக்கீக?" என்றார். குரலில் சிரிப்பில்லை. கடையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். பழகிய பாடத்தின்படி கொக்கு பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது வாயில் வரவில்லை. "இல்லக்கா, அளக்க வரல, இது ஒரு விளையாட்டு" என்று டப்பாவை அவர் கையிலேயே கொடுத்து, தாளை விரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கரை நீர்வளத்துறையினுடையதா, ஊராட்சி ஒன்றியத்தினுடையதா என்பதும், யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அந்த மூன்று பேரிடமிருந்துதான் எனக்குத் தெரியவந்தது. ஊராட்சித் தலைவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். எந்தப் பனை யாருடையது, எந்தக் கல் கறுப்பசாமிக்கு உரியது, அதைத் தொடக் கூடாது என்பதையும் சொன்னார்கள். தொலைவில் இருந்து வரைபடத்தைப் பார்த்து அனுமதிக்கும் ரிவ்யூவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கோயில்காட்டின் எல்லை எந்தக் கல்லோடு முடிகிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. "இதுல பேரெழுதத்தான் இவ்வளவு தூரம் வருவாகளா?" என்று மட்டும் அந்த அம்மா கடைசியாகக் கேட்டார். "சரி, வையுங்க, பாத்துக்கிறோம்."

அன்றிலிருந்து நான் வைக்கும் பெட்டிகள் உள்ளே இருப்பது வெளியே தெரியும்படியான கண்ணாடி போன்ற டப்பாக்களே. மேலே, அழியாத மையில், பெரிய தமிழ் எழுத்தில், இது விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை, திறந்து பார்த்துவிட்டு இதே இடத்தில் வைக்கவும் என்றும், கீழே என் கைபேசி எண்ணும் எழுதியிருக்கும். பட்டியலில் இடம்பெறும் விவரணையில், தேடி வருகிறவர்கள் முதலில் கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சக ஆர்வலர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. ஊருக்கே தெரிந்த பிறகு அது என்ன மறைவிடம் என்கிறார்கள். சிறுவர்கள் உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறார்கள். எடுத்திருக்கிறார்கள்தான். நான்கு கோலிக்குண்டும் ஒரு பம்பரமும் போயின. ஆனால் பெட்டி போகவில்லை, தாள் போகவில்லை. தாளின் பின்பக்கத்தில் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் இரண்டு பெயர்கள் சேர்ந்திருந்தன. இடம் ஊருக்குத் தெரிந்திருப்பதால், வெளியூரிலிருந்து தேடி வருகிறவரின் சிரமத்தில் எதுவும் குறைவதில்லை. அவருக்கு அதை யாரும் காட்டிக்கொடுப்பதுமில்லை. தேடி எடுக்கட்டும் என்று கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அனுமதி கேட்டாலும் பெட்டி வைக்கக் கூடாத இடங்கள் இந்த மாவட்டத்தில் அதிகம். கீழக்குயில்குடி சமணர் மலையின் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துகளும், பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரைத் தாங்கிய மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுகளும், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அவற்றில் சேரும். வைக்கிறவர் எவ்வளவு கவனமாக வைத்தாலும், சேதம் அவரால் வருவதில்லை. அவருக்குப் பின்னால் வரும் நாற்பது பேர் இருபது மீட்டர் வட்டத்துக்குள் ஒவ்வொரு இடுக்கிலும் கையை விடுவார்கள், ஒவ்வொரு தளர்ந்த கல்லையும் அசைப்பார்கள். சமணப் படுக்கைக்குப் பக்கத்தில் அசைக்கக் கூடிய கல் என்று எதுவும் இல்லை. அந்த இடங்களுக்கு ஆட்களை அழைத்துவர வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்குப் பெட்டியே இல்லாத எர்த்கேச் என்ற வகை இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் துணையோடு 2004இல் தொடங்கியது இது. வருகிறவர் பாறையின் அடுக்கையோ நிறத்தையோ அரிப்பையோ பார்த்து, வைத்தவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். தொட வேண்டியதோ எடுக்க வேண்டியதோ எதுவுமில்லை. யானைமலையும் அரிட்டாபட்டிப் பாறைகளும் இந்த வகைக்கென்றே அமைந்தவை போலத் தோன்றுகின்றன. இதிலும் அனுமதி கேட்க வேண்டியவர்களைக் கேட்டே செய்ய வேண்டும்.

கண்மாய்க்கரைப் பெட்டிக்கு டிசம்பரில் புதிய தாளும், இறுகும் மூடியுள்ள டப்பாவும், பேனாவுக்குப் பதிலாக ஒரு சிறு பென்சிலும் வைத்தேன். அதன் பிறகு வந்த முதல் பதிவு, கிடைக்கவில்லை என்ற பதிவு. எழுதியவர் விருதுநகர்ப் பக்கத்து இளைஞர். இதில் அது அவருடைய மூன்றாவது தேடல். ஒரு மணி நேரம் தேடியதாகவும், கண்மாய் பெருகிப் பனையடி வரை தண்ணீர் நிற்பதாகவும், டப்பா நீருக்குள் இருக்கலாம் என்று டீக்கடை அம்மா சொன்னதாகவும், செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கிப் பார்த்தும் கைக்கு எட்டவில்லை என்றும் ஒன்பது வரி எழுதியிருந்தார். மறுநாள் காலையில் போய், தண்ணீருக்கு அடியில் கல்லுக்குள் சிக்கியிருந்த டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து தாள் காய்ந்தே இருப்பதைப் பார்த்துவிட்டு, கரையின் மேல்பக்கத்தில் ஊரார் காட்டிய வேறொரு கல்லுக்கு மாற்றினேன். எண்களை மூன்று முறை அளந்து திருத்தி, அந்த இளைஞருக்கும் எழுதினேன்.